அணில் மார்க்கும் பேசும் புலியும்

பெசன்ட் நகரில் எலியட்ஸ் கடற்கரைக்குப் போகும் வழியில் உள்ள பெட்டிக்கடைகளில் 5 ரூபாய், 10 ரூபாய் நொறுக்குத்தீனிப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. பலவற்றில் ஏதாவது ஓர் உருவம் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். கறுப்புக் கண்ணாடி போட்ட சிறுத்தை, முஷ்டியை உயர்த்திய கார்ட்டூன் வீரன், கண்ணடிக்கும் பிஞ்சு முகம். அதே தெருவில் ஒரு வீட்டுச் சமையலறை அலமாரியைத் திறந்தால் வேறு வகை உருவங்கள் இருக்கும்: திண்டுக்கல்லிலிருந்து வரும் சேமியாவின் அணில், திருச்சி பேரீச்சம்பழத்தின் சிங்கம். இவை இரண்டும் ஒரே குடும்பம் என்றுதான் விளம்பர வரலாறு எழுதுபவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அணிலும் சிங்கமும் சாமான் வாங்கும் பெரியவருக்காக அச்சிடப்பட்டவை. பெட்டிக்கடைச் சிறுத்தை பேசுவது காசு கையில் இல்லாத ஒரு குழந்தையோடு. உணவு விளம்பரத்தில் உருவங்களின் கதையைச் சொல்லும்போது இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் முக்கியமானது விடுபட்டுப்போகும்.

விளம்பரத் துறை மஸ்காட் என்று அழைக்கும் பாத்திரங்கள் அமெரிக்காவில் பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை அங்கேயும் மாவும் பிஸ்கட்டும் பீப்பாயிலிருந்து அள்ளித்தான் நிறுத்துக் கொடுக்கப்பட்டன. சரக்குக்குக் கடைக்காரர்தான் பொறுப்பு. சரக்கு ஆலையிலேயே பாக்கெட்டில் அடைபட்டு வரத் தொடங்கியதும், முன்பின் தெரியாத ஆலையை எப்படி நம்புவது என்ற கேள்வி வந்தது. அதற்கு விடையாகப் பாக்கெட்டின் மேல் ஒரு முகம் வந்து உட்கார்ந்தது. 1877-இல் குவேக்கர் ஓட்ஸை விற்ற ஆலைக்காரர்கள் தொப்பி வைத்த ஒரு மனிதரின் உருவத்தை வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார்கள். குவேக்கர் என்பது நேர்மைக்குப் பெயர்போன ஒரு கிறிஸ்தவப் பிரிவு. அந்தப் பிரிவினர் யாரும் அந்த ஓட்ஸைத் தயாரிக்கவில்லை. அவர்களுடைய நல்ல பெயர் மட்டும் பாக்கெட்டுக்கு வந்து சேர்ந்தது.

இதைவிட வேதனையான கதை ஆன்ட் ஜெமைமா பான்கேக் மாவுடையது. 1889-இல் மிசௌரி மாநிலத்தில் தொடங்கிய ஒரு மாவு வியாபாரம், கறுப்பின மக்களைக் கேலி செய்யும் மேடை நிகழ்ச்சி ஒன்றிலிருந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. அடிமையாகப் பிறந்த நான்சி கிரீன் என்ற பெண்ணை அந்தப் பாத்திரமாக நடிக்க அமர்த்தினார்கள். 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில், மாவுப் பீப்பாய் வடிவில் கட்டிய பிரம்மாண்டமான அரங்கில் அவர் பான்கேக் சுட்டுக்கொண்டே, அடிமைக் காலத்துத் தோட்ட வீட்டை இனிமையான இடம்போல வருணித்துக் கதை சொன்னார். அந்தக் கண்காட்சியை ஒட்டித்தான் அதே ஊரில் அதே ஆண்டு செப்டம்பரில் சர்வ சமயப் பேரவை கூடியது. விவேகானந்தர் பேசிய பேரவை. பெசன்ட் நகருக்குத் தன் பெயரைக் கொடுத்த அன்னி பெசன்ட் அம்மையாரும் பிரம்மஞானிகளின் சார்பில் அங்கே பேசினார். நவம்பரில் அவர் தூத்துக்குடியில் வந்து இறங்கியதோடு அவருடைய இந்திய வாழ்க்கை தொடங்கியது. மனித சகோதரத்துவத்தைப் பற்றிய உரைகளும், ஒரு பெண்ணின் அடிமை வாழ்வை இனிப்பாக்கி மாவு விற்ற அரங்கும் ஒரே ஊரில் ஒரே ஆண்டில் நடந்தன என்பதைப் படித்தபோது மனம் கனத்தது.

நான்சி கிரீன் 1923-இல் விபத்தில் இறந்தார். அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த கல் 2020-இல்தான் வைக்கப்பட்டது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையைத் தொடர்ந்து எழுந்த போராட்டங்களின்போது, அந்த உருவத்தைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்ததும் அதே ஆண்டில்தான். அடுத்த ஆண்டு மாவின் பெயரும் மாறியது. அங்கிள் பென்ஸ் அரிசிக்கும் அதே கதி. நூற்றாண்டுக்கும் மேலாகக் கோடிக்கணக்கான காலை உணவு மேசைகளில் அந்தச் சிரிப்பு இருந்தது. அதில் வலி இருக்கிறது என்று கறுப்பின மக்கள் திரும்பத் திரும்பச் சொல்லியும் விற்பனை நன்றாக இருந்தவரை அது நீடித்தது.

1916 என்ற ஆண்டு இந்தக் கதையில் ஒரு சுவாரசியமான புள்ளி. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி என்ற கடை அந்த ஆண்டு திறந்தது. வாடிக்கையாளரே உள்ளே போய், அலமாரியிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு, வெளியே வரும்போது பணம் கொடுக்கும் முறை அங்கேதான் வேரூன்றியது. எடுத்துக் கொடுக்கவோ சிபாரிசு செய்யவோ கடைக்காரர் இல்லை. பாக்கெட்டே தன்னைத்தானே விற்றுக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு வர்ஜீனியாவின் சஃபோக் ஊரில் அந்தோனியோ ஜென்டிலே என்ற பள்ளிச் சிறுவன், கைகால் முளைத்த ஒரு வேர்க்கடலையை வரைந்து பிளான்டர்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பினான். ஒரு தொழில்முறை ஓவியர் அதற்கு உயரமான தொப்பியும் ஒற்றைக் கண்ணாடியும் சேர்த்தார். அதுதான் மிஸ்டர் பீனட். அதே 1916-இல் நம் விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் காளி மார்க் பானங்களைத் தொடங்கினார். 1958-இல் வந்த பவன்டோவை இன்றும் குடிக்கிறோம். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களை ஒதுக்கியபோது பலர் கை நீட்டி எடுத்தது அந்தப் பாட்டிலைத்தான். நூறாண்டு கண்ட அந்த நிறுவனம் கைகால் முளைத்த பாத்திரம் எதையும் நம் நினைவில் விட்டுவைக்கவில்லை. பெயரும் நிறமும் ருசியும் போதுமாக இருந்தன.

ஏன் போதுமாக இருந்தன? தமிழ்நாட்டில் சேமியாவும் மசாலாவும் எண்ணெயும் சோடாவும் விற்கும் வலுவான நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. ஓவியர்களுக்கும் பஞ்சமில்லை. விகடன் தாத்தாவின் கொண்டையைக் கோடாகப் போட்டாலே அடையாளம் கண்டுகொள்ளும் வாசகர்கள் நாம். மைசூர்த் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆர்.கே. லக்ஷ்மண் 1954-இல் ஏஷியன் பெயின்ட்ஸுக்காக வரைந்த கட்டு என்ற குறும்புக்காரப் பையன் நாடெங்கும் தெரிந்த முகமாக இருந்தான். ஆனால் நம் மளிகைச் சாமானில் அப்படி ஒரு பாத்திரம் வளரவில்லை.

இதற்கு நான் காணும் முதல் காரணம் அண்ணாச்சி கடை. அங்கே சரக்குக்கு முகம் ஏற்கெனவே இருந்தது. "இந்தத் துவரம்பருப்பு வேகுமா அண்ணாச்சி?" என்று கேட்டால் அவர் மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிக் காட்டுவார். "போன மாசம் வந்ததுதான் பழசுக்கா. இது புதுசு, ரெண்டு விசில்ல குழைஞ்சிடும்" என்பார். குழையவில்லை என்றால் மறுநாள் அவர் முன்னால் போய் நிற்கலாம். கணக்கு நோட்டில் கடன் எழுதுபவரும் அவர்தான். இப்படி ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது பாக்கெட்டில் ஒரு போலி நண்பர் தேவைப்படவில்லை. பாக்கெட்டுக்கு வேண்டியதெல்லாம் தப்பாமல் கேட்டு வாங்க ஓர் அடையாளம்தான்.

அந்த அடையாளத்துக்குப் படம் அவசியமாக இருந்தது. 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 18 சதவீதத்தினர். எழுத்தைப் படிக்காதவர் படத்தைச் சொல்லி வாங்குவார். மான்செஸ்டர் ஆலைகள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிக்கட்டுகளிலேயே யானையும் தெய்வங்களும் அச்சிட்ட வண்ணச் சீட்டுகள் ஒட்டி வந்தன. அந்த வழக்கத்தை இங்கே பெருக்கியது சிவகாசி. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து, அடுத்த ஆண்டு ஆலை தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு லேபிள் வேண்டும் என்று தொடங்கிய அச்சுத்தொழில், அணிலையும் சேவலையும் மானையும் தமிழகமெங்கும் கொண்டுசேர்த்தது. சேமியா அணிலுக்கும் வெடிக்கட்டுச் சேவலுக்கும் இடையே பாணியில் பெரிய வேறுபாடு இருக்காது. இரண்டும் நேரே நிற்கும், அடர்ந்த நிறத்தில் இருக்கும், எதையும் சொல்லாது.

விலங்குகளை விட்டால் சாமிகள். காளி மார்க், மதுரையின் மாப்பிள்ளை விநாயகர் சோடா, மதுரையில் தொடங்கிப் பெசன்ட் நகர் வரை வந்த முருகன் இட்லிக் கடை, கே.கே. நகரில் 1981-இல் பிறந்த சரவண பவன் என்று பட்டியல் நீளும். சாமி பெயர் வைப்பதில் ஒரு வேண்டுதல் இருக்கிறது; இந்தப் பெயரில் கலப்படம் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழியும் இருக்கிறது. அதே காரணத்தால் சாமியை நகைச்சுவைப் பாத்திரமாக்க முடியாது, குதிக்கவும் பாடவும் வைக்க முடியாது. சாமி படம் போட்ட உறையைக் குப்பையில் போட மனம் வராமல் மடித்து வைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. சட்டத்துக்கும் இதில் அக்கறை உண்டு. 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம், மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய சின்னங்களைப் பதிவு செய்ய மறுக்கிறது. ராமாயணம் என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உணவகங்களில் ஒரு விதிவிலக்கு உண்டு, அது எனக்குப் பிடித்தமானது. 1957-இல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்ற பெயரில் பிரியாணிக் கடை போட்டார். அவர் எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பார். சாப்பிட வந்தவர்கள் கடைப் பெயரை விட்டுவிட்டுத் தலைப்பாகட்டிக் கடை என்றார்கள். அந்தப் பெயரே நின்றது, கிளைகள் பெருகின, பெயர் யாருக்கு என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஏறக்குறைய அதே காலத்தில், 1952-இல், அமெரிக்காவில் ஹார்லன்ட் சாண்டர்ஸ் என்ற முதியவரின் வறுத்த கோழிக்கு முதல் உரிமக்கடை திறந்தது. வெள்ளை உடையும் ஆட்டுத்தாடியும் அவரே திட்டமிட்டு அணிந்த வேடம். நாயுடுவின் தலைப்பாகைக்குப் பின்னால் விளம்பர நிறுவனம் எதுவும் இல்லை. சாப்பிட்டவர்கள் வைத்த பெயர் அது. உணவு உருவங்களின் உலக வரலாற்றில் இப்படி வாடிக்கையாளர்களே உண்டாக்கியவை அபூர்வம்.

இரண்டாவது காரணம் சினிமா. பாத்திரத்தைப் புதிதாகப் படைத்து மக்கள் மனதில் பதிய வைக்க ஆண்டுக்கணக்கில் செலவழிக்க வேண்டும். இங்கே மக்கள் மனதில் ஏற்கெனவே குடியிருக்கும் முகங்கள் கோடம்பாக்கத்தில் இருந்தன. விருதுநகர் இதயம் நல்லெண்ணெய்க்கு ஜோதிகா வந்தார். அந்த எண்ணெயை நினைத்தால் அவர் முகம் வருகிறது. நட்சத்திரம் விலை உயர்ந்தவர், வயதாகிறவர், வேறு நிறுவனத்துக்கும் போகக்கூடியவர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, பொய் விளம்பரத்தில் தோன்றினால் அவருக்கே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கார்ட்டூன் புலிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இனி இங்கேயும் வரைந்த பாத்திரங்கள் கூடும் என்று நினைக்க இது ஒரு காரணம்.

பெரியவர்களோடு பேசும் பாத்திரம் எவ்வளவு உயரத்துக்குப் போக முடியும் என்பதற்கு இந்தியாவில் ஒரே ஒரு முழுமையான சான்று இருக்கிறது. 1966-இல் அமுல் வெண்ணெயின் விளம்பரப் பொறுப்பு சில்வெஸ்டர் டகுன்ஹாவிடம் வந்தது. அப்போது சந்தையை ஆண்ட போல்சன் வெண்ணெய்க்கும் ஒரு சிறுமி உருவம் இருந்தது. ஓவியர் யூஸ்டேஸ் பெர்னாண்டஸ் அதற்குப் போட்டியாக நீல முடி, புள்ளிப் பாவாடை, அகன்ற கண்கள் கொண்ட ஒரு குட்டிப் பெண்ணை வரைந்தார். மூக்குகூட வரையவில்லை. அந்தக் கோடுகளின் எளிமைக்கு நடைமுறைக் காரணம் உண்டு. அன்றைய விளம்பரப் பலகைகள் எல்லாம் கையால் வரையப்பட்டவை. சாரத்தில் நின்று பிரஷ் பிடிக்கும் பேனர் ஓவியர் ஒவ்வொரு முறையும் அதே முகத்தைத் தவறாமல் கொண்டுவர வேண்டும். அடிக்கடி மாற்றி வரையவும் வேண்டும். மவுண்ட் ரோட்டில் சினிமா பேனர்கள் எழுந்த விதத்தை அறிந்த சென்னைக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் விளங்கும். ஒரு நடிகரின் கன்னத்து நிழலைக் கொண்டுவர அந்த ஓவியர்கள் பட்ட பாடு இந்தச் சிறுமிக்குத் தேவைப்படவில்லை. ஃபிளெக்ஸ் வந்து அந்தக் கைகளையெல்லாம் வேலையற்றவை ஆக்கிய பிறகும் அவள் அப்படியே இருக்கிறாள்.

அவளுக்கு உயிர் கொடுத்தது அன்றாடச் செய்தி. அமுலை வழிநடத்திய குரியன் விளம்பரக்காரர்களுக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தார். ஒவ்வொரு பலகைக்கும் ஒப்புதல் கேட்க வேண்டாம் என்றார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், கட்டாயக் கருத்தடையை நாடே வாய்மூடிப் பார்த்திருந்தபோது, செவிலி உடையில் அந்தச் சிறுமி வெண்ணெய்த் தட்டோடு நின்று, கட்டாயக் கிருமிநீக்கம் எங்களுக்கு வழக்கமானதுதான் என்ற பொருளில் ஆங்கிலச் சிலேடை சொன்னாள். தலையங்கங்கள் தணிக்கையான காலத்தில் ஒரு வெண்ணெய்ப் பலகை அதைச் சொன்னது. அவள் வயதில் குழந்தை. பேச்சு முழுக்கப் பெரியவர்களோடு. அவளைப் பார்த்து வெண்ணெய் வேண்டும் என்று அடம்பிடித்த குழந்தையை நான் கண்டதில்லை. அவளை இந்த வரலாற்றின் சிறந்த படைப்பு என்று நான் சொல்வது இதனால்தான். அவளுடைய மௌனச் சகோதரியான பார்லே-ஜி சிறுமி 1960-களில் மகன்லால் தஹியா வரைந்த ஓவியம். யாரோ ஒரு பெண்ணின் குழந்தைப் பருவப் புகைப்படம் என்று அவ்வப்போது கிளம்பும் வதந்தியை நிறுவனமே மறுத்திருக்கிறது.

குழந்தையை நேராகக் குறிவைக்கும் பாத்திரங்கள் தொலைக்காட்சியின் பிள்ளைகள். சிகாகோவின் லியோ பர்னெட் நிறுவனம் 1950-களில் கெல்லாக்ஸ் இனிப்புச் சோளச் செதில்களுக்கு டோனி என்ற புலியை உருவாக்கியது. 1965-இல் பில்ஸ்பரி மாவுப் பொம்மையும் அங்கிருந்தே வந்தது. அந்தப் பொம்மை 1990-களின் கடைசியில் கோதுமை மாவோடு இந்தியா வந்து கைகூப்பி வணக்கம் சொன்னது. நம் தூர்தர்ஷன் தலைமுறைக்கு முதலில் வந்த பாத்திரம் அப்பள முயல். ராம்தாஸ் பாத்யே குரல் கொடுத்து ஆட்டிவைத்த லிஜ்ஜத் முயல் அப்பளம் கடித்துச் சிரித்ததை 1980-களில் வளர்ந்த யாரும் மறக்க மாட்டார்கள். ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் 1959-இல் தொடங்கிய கூட்டு உழைப்புக்கு அந்த முயல் சேவை செய்தது. தாராளமயத்துக்குப் பின் வந்த கூட்டம் வேறு மாதிரி. செவன்-அப்பின் ஃபிடோ டிடோ, பபிள்கம் விற்ற பூமர் வீரன், சீட்டோஸ் சிறுத்தை, பாக்கெட்டுக்குள் டாஸோ வட்டுகள் எல்லாம் பள்ளிப் பையன்களின் பேச்சுக்குள் நுழைந்தன.

கடையும் அப்போதுதான் மாறியது. 1996-இல் சென்னையில் ஃபுட்வேர்ல்டு திறந்தது. அடுத்த ஆண்டே பெசன்ட் நகருக்குப் பக்கத்தில் திருவான்மியூரில் சுபிக்‌ஷாவின் முதல் கடை. சுபிக்‌ஷா பின்னால் மூடிப்போனாலும் தள்ளுவண்டியும் அலமாரியும் கொண்ட கடைகள் நிலைத்துவிட்டன. தள்ளுவண்டியில் உட்கார்ந்த குழந்தையின் கண்மட்டத்தில் புலியும் சிறுத்தையும் வரிசையாக நிற்கின்றன. "அது வேணாம்டா கண்ணு, வயித்தைக் கெடுக்கும்" என்று சொல்ல இப்போது அங்கே அண்ணாச்சி இல்லை.

இது என் அச்சம் மட்டும் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஒரு சோதனையில் 4 முதல் 6 வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளுக்கு ஒரே தின்பண்டத்தை இரண்டு பொதிகளில் கொடுத்தார்கள். ஒன்றில் தெரிந்த கார்ட்டூன் உருவம் இருந்தது, மற்றதில் இல்லை. உருவம் இருந்த பொதியில் உள்ள பிஸ்கட்டும் மிட்டாயும் அதிக ருசி என்று குழந்தைகள் சொன்னார்கள். அதே உருவத்தைக் கேரட்டில் ஒட்டியபோது விளைவு குறைவாகவே இருந்தது. காய்கறிக்கும் ஒரு கார்ட்டூன் போட்டால் போயிற்று என்று சொல்லும் நிறுவனங்களுக்கு இது சாதகமான முடிவு இல்லை. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்று 2023-இல் கணக்கிட்டுச் சொன்ன ஆய்வை முன்னின்று நடத்தியது நம் சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம்தான். அந்த எண்ணையும் இந்தப் பாக்கெட்டுகளையும் சேர்த்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

கார்ட்டூன் இல்லாமலும் குழந்தையைக் கவரலாம் என்பது உண்மைதான். கடற்கரையில் விற்ற பஞ்சு மிட்டாயில் பெயரும் உருவமும் இல்லை, ரோஜா நிறம் மட்டுமே இருந்தது. அந்த நிறத்தில் ரோடமின் பி என்ற சாயம் கண்டுபிடிக்கப்பட்டதும் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதைத் தடை செய்தது. மூங்கில் கழியில் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு மணலில் நடந்த ஏழை வியாபாரிமேல் சட்டம் அவ்வளவு வேகமாகப் பாய்ந்தது. அது சரியான நடவடிக்கை. பெரிய நிறுவனங்களின் பக்கம் திரும்பும்போதும் அதே வேகம் வேண்டும் என்பதே என் வாதம்.

அரசு நினைத்தால் நல்ல பாத்திரத்தையும் உருவாக்க முடியும். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி சட்டையில் கைகூப்பி நின்ற குதிரை முகத் தம்பியோடு சென்னை முழுக்கப் படம் எடுத்துக்கொண்டது. விற்க அவனிடம் பண்டம் எதுவும் இருக்கவில்லை. சத்துணவுக்கும் காலை உணவுக்கும் அப்படி ஒருவன் வந்தால் நான் முதல் ஆளாக வரவேற்பேன். கேரட் சோதனை நினைவில் இருப்பதால் அதிகம் எதிர்பார்க்க மாட்டேன்.

சிலி நாட்டில் 2016-இல் அமலுக்கு வந்த சட்டம் நேரடியானது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு அளவு மீறினால் பாக்கெட்டில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை இருக்க வேண்டும், குழந்தைகளைக் கவரும் உருவம் இருக்கக் கூடாது. டோனி புலி பாக்கெட்டிலிருந்து இறங்கியது. எங்கள் வணிகச் சின்னத்தைப் பறிக்கிறீர்கள் என்று நிறுவனங்கள் வழக்குப் போட்டன, சட்டம் நிற்கிறது. மெக்சிகோவும் அதே வழியில் போனது. நம்மிடம் இருப்பவை பாதி விதிகள். 2020 விதிகளின்படி அதிகக் கொழுப்பு, சர்க்கரை, உப்பு கொண்ட பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது. 2022 வழிகாட்டுதல்களின்படி குழந்தைகளுக்கான சேனல்களில் சிப்ஸ், குளிர்பான விளம்பரங்கள் வரக் கூடாது. பாக்கெட்டே விளம்பரமாகத் தொங்கும்போது இவற்றால் என்ன பயன்? பள்ளி வாசலில் 50 மீட்டரை அளந்துவிட்டால் 51-ஆவது மீட்டரில் சரம் தொங்கலாம். மாலையில் பிள்ளைகள் கூடும் கடற்கரையில் எந்த அளவும் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் பாக்கெட்டின் முன்பக்கத்துக்கான நட்சத்திர மதிப்பீட்டு வரைவு ஒன்றை வெளியிட்டது. ஐந்து வயதுக் குழந்தைக்கு நட்சத்திர எண்ணிக்கை விளங்காது, சிறுத்தை விளங்கும். பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது, அளவு மீறிய பண்டங்களின் உறையிலிருந்து உருவங்களை நீக்கச் சொல்லும் ஒரு வரியையும் ஆணையம் சேர்க்க வேண்டும். அந்த ஒரு வரியால் அணிலுக்கும் சிங்கத்துக்கும் தலைப்பாகைக்கும் ஒரு பாதிப்பும் வராது.